ஏடு காக்கும் வழங்கி

தமிழர் தம் நூல்களைக் காத்த வரலாறு பெரும்பான்மையும் ஏடு பெயர்த்தெழுதிய வரலாறேயாகும். பனையோலையைச் செல்லரிக்கும், நாளடைவில் ஒடியும். ஆதலின் சில தலைமுறைகட்கு ஒருமுறையேனும் ஒருவர் அமர்ந்து புதிய ஓலையிற் படியெழுதினாலொழிய நூல் நிலைத்ததில்லை. டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் ஊரூராகத் திரிந்து சுவடி தேடியதும், 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியதும் நாம் நன்கறிந்தவை. அச்சு வந்தபின் படியெடுக்கும் கவலை ஒழிந்தது என்றே பலரும் எண்ணினர். ஆனால் ஒழியவில்லை. 1981-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் இரவில் மூண்ட வன்செயலில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுள் வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் இருந்தன என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் பதைக்கின்றது.

இக்காலத்தே அப்படியெடுக்கும் தொழிலைக் கணினி ஏற்றுக்கொண்டது. பொருள்வளமில்லாத தொண்டர் கூட்டங்கட்கு அதனுள்ளும் உற்ற துணையாய் அமைந்தது, லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைக் கொண்டு ஓடும் வழங்கியாகும். அதன் வரலாற்றையும், அதனை நிறுவிப் பேணும் முறையையும் நம் காலனி அன்பர்கட்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

வழங்கியை ஆங்கிலத்தார் சர்வர் என்பர். சர்வர் என்றதும் லேக் மார்க்கெட்டுச் சிற்றுண்டிச்சாலையில் இட்டலியும் சாம்பாரும் கொண்டுவருபவரே நம் நினைவுக்கு வருவர். அந்நினைவு பிழையன்று. கேட்டவர்க்குக் கேட்டதைக் கொணர்ந்து வைத்துவிட்டு அடுத்தவரிடம் செல்வதே இருவர்க்கும் தொழில். ஒரே வேறுபாடு, கணினிச் சர்வர் இரவு இரண்டு மணிக்கும் அடுப்பை அணைப்பதில்லை!

நம் கல்கத்தா மாநகர்க்குக் கணினி புதிதன்று. மகாநாயக் உத்தம்குமார் எனப் பெயர்மாறிய டாலிகஞ்சு நிலையத்தில் மெட்ரோ ஏறி வடக்கே சென்றால் வராநகரை அடையலாம். அங்குள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில், பேராசிரியர் மகாலனோபிசு அவர்களின் முயற்சியால், 1955–56-இல் இங்கிலாந்திலிருந்து எச்.ஈ.சி. 2எம் என்னும் கணினி தருவிக்கப்பெற்றது. இந்திய நாட்டிற் கால்கொண்ட முதல் எண்முறைக் கணினி அதுவே. ஓர் அறையையே அடைத்துக்கொண்ட அப்பெருங்கருவியின் நினைவகம் 1,024 சொற்களை மட்டுமே தாங்கவல்லது. பின்னர், 1960-களில், இதே நகரில் ஆயுள் காப்புறுதிக் கழகம் கணினி நிறுவ முற்பட்டபோது, வேலை போய்விடுமென அஞ்சிய ஊழியர்கள் அது கட்டடத்துள் நுழையாதவாறு காவல் இருந்தனர். எழுத்தர் குலத்தைச் சேர்ந்த எனக்கு அவ்வச்சம் விளங்காததன்று. கணினி என்பது முதலாளியின் கருவி, அரசின் கருவி என்று மட்டுமே இருந்த காலம் அது.

அந்நிலை மாறியதற்குக் காரணர் இருவர். அமெரிக்க நாட்டு ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார், மென்பொருளைப் பயன்படுத்தவும், ஆராயவும், திருத்தவும், பிறர்க்குப் படியெடுத்து வழங்கவும் எவர்க்கும் உரிமை வேண்டுமென்று கருதி, 1983-இல் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். அவர் வகுத்த பொது உரிமம் 1989-இல் வெளியாயிற்று. பின்லாந்து நாட்டு எல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தமது 21-ஆம் வயதில், 1991 ஆகஸ்டு 25-ஆம் நாள், தாம் ஓர் இயங்குதளம் எழுதி வருவதாக உலகுக்கு அறிவித்தார். வெறும் பொழுதுபோக்கு என்றுதான் அவர் அதனைக் குறித்தார்! மறு ஆண்டே அது ஸ்டால்மனின் உரிமத்தின்கீழ் வந்தது. அவ்விரண்டும் இணைந்ததே இன்று உலகின் பெரும்பாலான வழங்கிகளை இயக்குவது. 1993-இல் ஐயன் மர்டாக் என்பவர் தொடங்கிய டெபியன் என்னும் தொகுப்பு, முற்றிலும் தொண்டர்களாலேயே பேணப்படுவது. இதற்கு விலையுமில்லை, ஆண்டுக் கட்டணமுமில்லை.

தமிழ்த் தொண்டர்கள் இதனைக் கைக்கொண்ட வரலாறே நமக்கு முதன்மையானது. 1998-ஆம் ஆண்டு பொங்கல் திருநாளன்று மதுரைத் திட்டம் தொடங்கிற்று. சுவிட்சர்லாந்து நாட்டு லோசான் நகரில் வேதியியல் அறிஞராயிருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அதன் தலைவர். அமெரிக்காவில் வாழ்ந்த முனைவர் குமார் மல்லிகார்ச்சுனன் துணைத்தலைவர். ஒருவரையொருவர் நேரிற் கண்டறியாத தமிழர்கள், பல நாடுகளிலிருந்து, அலுவல் முடித்த இரவுகளில் இலக்கியங்களைத் தட்டெழுதியும் மெய்ப்புப் பார்த்தும் அனுப்பினர். ஊதியம் பெற்றவர் எவருமில்லை. புலம்பெயர்ந்தார் செய்த தமிழ்ப்பணிகளுள் இதற்கு ஈடு கூறல் அரிதென்பது என் துணிபு.

அவர்கட்கு நேர்ந்த பேரிடர் எழுத்துருவால் வந்தது. ஓர் எழுத்துருவில் அடித்த குறள் மற்றோர் எழுத்துருவில் திறந்தால் வேற்றெழுத்துக் குப்பையாய்த் தோன்றும். ஆதலின் முதலில் டிஸ்கி என்னும் பொதுக் குறிமுறையை வகுத்துக்கொண்டனர். பின்னர் யூனிகோடுக்கு மாறினர். அந்த யூனிகோடை வழங்கிகள் கையாளும் யூ.டி.எப்-8 முறையோ, 1992-இல் கென் தாம்சன், ராப் பைக் என்னும் இருவர் நியூசெர்சி மாநிலத்து உணவுக்கடையொன்றில் உண்ணுங்கால், தட்டின்கீழ் விரித்த தாளில் வரைந்து கண்டது. அம்முறையில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட்டு இடம் கொள்ளும். அவர்கள் தமிழை எண்ணி வரைந்தாரல்லர். ஆயினும் தொல்காப்பியத்துக்கும் இடம் கிடைத்துவிட்டது.

யாழ் நூலகத்தின் இழப்பை மறவாத ஈழத்துத் தொண்டர்கள் 2005-இல் நூலகம் என்னும் பெயரிலேயே ஒரு மின்னூல் நிலையத்தைத் தொடங்கினர். நூல்களோடு செய்தித்தாள்களையும், விழா மலர்களையும், சிற்றூர்ப் பள்ளிகளின் ஆண்டிதழ்களையும் அவர்கள் தொகுத்தது போற்றத்தக்கது. மலரென்றால் விழா முடிந்ததும் பழைய தாள்கடைக்குப் போகும் என்றிருக்கும் நமக்கு இஃது ஒரு பாடம். தமிழ்நாட்டில் 2012-இல் தோன்றிய கணியம் என்னும் இதழ், கட்டற்ற மென்பொருளை எளிய தமிழில் கற்பித்து வருகின்றது.

நிற்க. நிறுவும் முறையைச் சிறிது காண்போம். அலுவலகங்களிற் கழித்துவிடும் பழைய கணினியே ஒரு சங்கத்தின் தேவைக்குப் போதும். டெபியனை இணையத்திலிருந்து இறக்கிப் பென் டிரைவில் எழுதிச் செருகினால், நிறுவும் நிரல் ஒவ்வொரு வினாவாய்க் கேட்டுச் செல்லும். தமிழிலேயே வினவுமாறும் பணிக்கலாம். வட்டினைப் பகுக்குங்கால், இயங்குதளத்துக்கு ஒரு பகுதியும் ஏடுகட்கு வேறொரு பகுதியும் வகுத்தல் நன்று. அடுக்களையினின்றும் உக்கிராணத்தைப் பிரித்து வைப்பது போன்றது இது. பின்னொருநாள் இயங்குதளத்தைப் புதுக்கினாலும் ஏடுகள் தீண்டப்படா. மொழியமைப்பில் யூ.டி.எப்-8 உள்ளதா எனப் பார்த்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் வலை வழங்கியாகிய அப்பாச்சியை ஏற்றுதல். இதுவும் 1995-இல் தொண்டர்கள் ஆக்கியதே.

அடுத்தது காவல். வழங்கியில் ஒவ்வொரு பணிக்கும் எண்ணிட்ட வாயிலுண்டு. வலைப்பக்கம் வழங்குவது 80, 443. பொறுப்பாளர் தொலைவிலிருந்து நுழைவது 22. ஏனையவற்றை ஃபயர்வால் என்னும் தடுப்பினால் அடைத்துவிடல் வேண்டும். முன்பதிவு அலுவலகத்தில் ஆளில்லாச் சன்னலைத் திறந்து வைப்பார் உண்டோ? நுழைவுக்குக் கடவுச்சொல்லை நீக்கி, இணைச்சாவி முறையைக் கைக்கொள்ளுதல் சாலச் சிறந்தது. ஒரு பாதி வழங்கியில் இருக்கும். மறுபாதி உரியவர் கையில் இருக்கும். ஒற்றைத் தண்டவாளப் பகுதியிற் டோக்கன் கைக்கு வாராமல் ஓட்டுநர் வண்டியை நகர்த்தாததுபோல, சாவியின்றி எவரும் உட்புக இயலாது. ஒருவர் விலகினால் அவர்க்குரிய பாதியை மட்டும் நீக்கினாற் போதும். ரூட் எனப்படும் முழு அதிகாரத்தை நாட்பணிக்குப் பயன்படுத்தலாகாது. தம் பெயரில் நுழைந்து, வேண்டும்போது மட்டும் சூடோ என்னும் கட்டளையால் அதிகாரம் பெறுவாராயின், எவர் எப்போது எதைச் செய்தார் என்பது பதிவேட்டில் ஏறிவிடும்.

படிகள் மூன்று வேண்டும். அவற்றுள் ஒன்று வேறிடத்தில் இருத்தல் வேண்டும். கிரான் என்னும் நிரல் கால அட்டவணைப்படி பணி செய்வது. நள்ளிரவில் புதிய ஏடுகளை மற்றொரு வட்டுக்குப் படியெடுக்குமாறு அதற்குக் கட்டளையிடலாம். மழைக்காலத்தில் நம் டாலிகஞ்சுத் தெருக்களில் நீர் எவ்வளவு நிற்கும் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. கீழ்த்தளத்து மேசையடியில் வழங்கியையும், அதன் படியையும் ஒருங்கே வைப்பது இரண்டையும் நீருக்குக் கொடுப்பதாகும். எடுத்த படியிலிருந்து திங்கட்கொருமுறை ஓர் ஏட்டையேனும் மீட்டுத் திறந்து பார்த்தலும் இன்றியமையாதது.

இவையெல்லாம் ஒரு நாட்பணி. கடினமானது வேறு. நானறிந்த சங்கமொன்று பத்தாண்டு நிழற்படங்களையும் உறுப்பினர் எழுதிய கட்டுரைகளையும் இத்தகைய வழங்கியில் ஏற்றி வைத்திருந்தது. அமைத்த இளைஞர் வெளிநாடு சென்றார். கடவுச்சொல் அவர் நினைவில். முகவரிப் பெயரின் ஆண்டுக் கட்டணம் அவர் பெயரில். கட்டணம் செலுத்தத் தவறியது, தளம் மறைந்தது. இளைஞரைக் குறைகூற நான் முற்படேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்; கேட்பாரில்லை. ரயில்வேயில் ஓர் எழுத்தர் மாற்றலானால், பெட்டிச் சாவி முதல் பதிவேட்டு எண்ணிக்கை வரை பட்டியலிட்டு, கொடுப்பவரும் கொள்பவரும் கையொப்பமிட்டாலன்றிச் சார்ஜ் ஒப்படைத்ததாகாது. அவ்வழக்கம் நமக்குச் சலிப்பூட்டுவதே. ஆயினும் நூறாண்டுக்கு மேற்பட்ட கணக்குகள் அதனாலன்றோ நின்றன!

நம் சங்கப் படிப்பகத்து மேல்தளத்தில் இவ்வாண்டு அமைத்த வழங்கிக்கும் அத்தகைய குறிப்பேடு ஒன்று தொடங்கியுள்ளோம். வட்டுப் பகுப்பு, வாயில் எண்கள், படியெடுக்கும் நேரம், கட்டணம் செலுத்த வேண்டிய நாள் யாவும் அதில் தமிழில் எழுதப்பட்டுள்ளன. கடவுச்சொல் மட்டும் முத்திரையிட்ட உறையில் பொருளாளரிடம் உள்ளது. பொறுப்பாளர் பெயருக்கு மூன்று வரிகள் விட்டோம், இரண்டே நிரம்பியுள்ளன. அவ்விருவருள் ஒருவர் பூசை விடுமுறை கழிந்ததும் வேலையேற்றுப் பெங்களூர் செல்கின்றார். ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்குப் படிப்பகம் திறந்திருக்கும். பட்டம் வேண்டுவதில்லை, மெட்ரிகுலேசன் தேறிய நான் ஆறே வாரத்திற் கற்றேன். வருபவர்கள், தம் வீட்டுப் பரணில் நம் சங்கத்தின் பழைய மலர் எதுவும் கிடப்பின் உடன் கொணர்க. படமெடுத்துக்கொண்டு மறுவாரமே திருப்பித் தருவோம்.