கொண்டை தொங்கும் ரோஜாவால் கையைச் சுடும் நஷ்டம். பொக்கே கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியவை

சென்னை:
காதலர் தினம், முகூர்த்த நாள் வந்துவிட்டால் கொத்து ரோஜாவுக்கு ஏக கிராக்கி. ஓசூர் பகுதி பசுமைக் குடில்களில் விளையும் 'தாஜ்மகால்' ரக சிவப்பு ரோஜா, 20 பூ கொண்ட கட்டுகளாக கோயம்பேடு மார்க்கெட்டுக்கு வந்து இறங்குகிறது. தண்டலுக்கு பணம் வாங்கி கட்டு எடுக்கும் சின்ன கடைக்காரர்களுக்கு, பூ சாயங்காலம் வரை நிற்குமா என்பதுதான் கவலை.

உதாரணத்துக்கு, ஒரு கட்டு 200 ரூபாய். பூ 15 ரூபாய்க்கு விற்றால் 300 ரூபாய் கிடைக்கும். லாபம் 100. அதில் 5 பூ தலை சாய்ந்தால் லாபம் 25 ரூபாய்தான். 7 பூ போனால் கைக்காசு 5 ரூபாய் நஷ்டம்!

தலை சாய்வது ஏன்?

பூவின் காம்புக்குள் தண்ணீர் ஏறும் மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. வெட்டிய காம்பு காற்று பட்டு கிடந்தால் குழாயில் காற்றுக் குமிழ் அடைத்துக் கொள்ளும். அழுக்குத் தண்ணீரில் கிருமி பெருகினாலும் அடைப்புதான். அப்புறம் பக்கெட் நிறைய தண்ணீர் இருந்தும் பூ தாகத்தில் கழுத்து தொங்கிவிடும்.

வாங்கும்போதே பாருங்க

பூவுக்கு அடியில் உள்ள பச்சை இதழ்கள் கீழே மடங்கி, வெளி இதழ் ஒன்றிரண்டு லேசாக பிரிந்திருக்க வேண்டும். கல்லு மாதிரி இறுகிய மொட்டு பெரும்பாலும் விரியாது. வெளி இதழில் சாம்பல் பூஞ்சை, பழுப்பு புள்ளி இருந்தால் அந்த கட்டை தொடாதீங்க.

கடைக்கு வந்ததும்...

* பக்கெட்டை பிளீச்சிங் பவுடர் கரைசலில் தேய்த்து, நல்லா அலசணும்.
* தண்ணீரில் மூழ்கும் இலைகளை எடுத்துவிடணும். இலை அழுகினால் கிருமி பெருகும்.
* முள்ளை சுரண்டும்போது காம்பின் தோல் உரியக் கூடாது. காயம் வழியாகவும் கிருமி ஏறும்.
* காம்பின் நுனியில் ஒரு இஞ்ச் அளவுக்கு தண்ணீருக்குள் வைத்தே சாய்வாக வெட்டணும். கத்தி கூர்மையாக இருக்கணும். மழுங்கிய கத்தரிக்கோல் குழாயை நசுக்கிவிடும்.
* வெட்டிய கையோடு பக்கெட்டில் போட்டு, 2 மணி நேரமாவது நிழலில் வைத்த பிறகே பொக்கே கட்டணும்.
* தண்ணீரை தினமும் மாற்றணும். 2 நாளைக்கு ஒருமுறை நுனியை மறுபடி வெட்டணும்.

வெறும் சர்க்கரை வேண்டாம்

சிலர் தண்ணீரில் சர்க்கரை மட்டும் போடுகிறார்கள். இது பூவை விட கிருமிக்குத்தான் விருந்து. கடையில் விற்கும் பூ உணவு பொடியில் சர்க்கரையோடு புளிப்புப் பொருளும், கிருமிக்கொல்லியும் சேர்ந்திருக்கும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுப்படி கலக்கணும்.

பழக்கடை பக்கத்தில் வைக்காதீங்க

பழுக்கும் வாழைப்பழம், மாம்பழத்தில் இருந்து எத்திலீன் வாயு வரும். வண்டிப் புகையிலும் இது உண்டு. இந்த வாயு பட்டால் பல ரகங்களில் இலையும் இதழும் சீக்கிரம் உதிரும். பழம் வைத்த பிரிட்ஜில் பூவை வைப்பதும் தப்பு. பூவின் தலை மேல் அடிக்கடி தண்ணீர் தெளிப்பதும் ஆகாது. ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். வெயில் நேரத்தில் ஈரச் சாக்கை பக்கெட்டை சுற்றி கட்டலாம்.

தொங்கிய பூவை காப்பாற்றலாம்

லேசாக தலை சாய்ந்த பூவை தூக்கிப் போட வேண்டாம். நுனியை வெட்டி, தலை நிமிர்ந்து நிற்கும்படி பேப்பரில் இறுக்கமாக சுற்றி, கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் காம்பு ஆழமாக மூழ்கும்படி ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் பல பூக்கள் நிமிர்ந்துவிடும்.

கையும் முக்கியம்

பூவில் பூச்சி மருந்து ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு. கையுறை போடுவது நல்லது. சாப்பிடும் முன் சோப்பு போட்டு கை கழுவணும். முள் ஆழமாக குத்தினால் டி.டி. ஊசி பற்றி டாக்டரிடம் கேட்கணும். குத்திய இடத்தில் ஆறாத கட்டி வந்தாலும் அலட்சியம் வேண்டாம்.