குழாயடிச் சண்டை

குறிஞ்சிப்பாடி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது கைலி. தறிச் சத்தம் கேட்கிற ஊர். ஊரைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் நெல்லு, கரும்பு, மல்லாட்டை, முந்திரிக் கொல்லை என்று வேறு உலகம். (மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. கடலூர்க்காரர்களிடம் போய் வேர்க்கடலை என்று சொன்னால் 'எந்த ஊர் நீங்க?' என்பார்கள்.) அங்கே பல வீடுகளில் ஒரு சாமான் ஆணியில் தொங்கும். முதுகில் மாட்டிக்கொண்டு பயிருக்கு மருந்தடிக்கிற டப்பா. ஒரு கை பம்பு அடிக்கும், இன்னொரு கை குழாயைப் பிடித்திருக்கும். இப்போது பேட்டரி மாடல் வந்துவிட்டதால் பம்பு அடிக்கிற கைக்கு ஓய்வு.

இந்த டப்பாவை, அல்லது இதன் தம்பியான பூச்செடி டப்பாவை, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சிலர் வேறு வேலைக்கு வைத்திருக்கிறார்கள். வீட்டிலேயே பீர் காய்ச்சுகிற ஆசாமிகள். பீப்பாயிலிருந்து பீர் வருகிற குழாயைக் கழுவ அவர்களுக்கு ஒரு பம்பு வேண்டும். கடையில் வாங்கினால் விலை அதிகம். எனவே கைக்குக் கிடைத்ததை வெட்டி ஒட்டித் தாங்களே செய்துகொள்கிறார்கள்.

குழாய் கழுவ ஒரு பம்பா என்று சிரிக்க வேண்டாம். அந்தக் குழாய்க்குப் பின்னால் முந்நூறு வருடச் சரித்திரம் இருக்கிறது. கொஞ்சம் விஷமும் இருக்கிறது.

பழைய லண்டன் சாராயக்கடைகளில் பீப்பாய் நிலவறையில் கிடக்கும். வாடிக்கையாளர் மேலே இருப்பார். நடுவில் ஒரு பையன், கூஜாவைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்கப் படி ஏறி இறங்குவான். ஜான் லாஃப்டிங் என்ற டச்சுக்காரர் 1688 வாக்கில் லண்டனுக்கு வந்து சேர்ந்தார். தீயணைக்கும் பம்பு செய்கிறவர். அதே சரக்கு பீரையும் இறைக்கும் என்று 1691-ல் லண்டன் கெஜட்டில் அறிவிப்பு வந்தது. ஆனால் பீர் பம்பு என்றதும் சரித்திரம் அதிகம் சொல்கிற பெயர் இன்னொருவருடையது. ஜோசப் பிராமா.

பிராமா விவசாயி மகன். சின்ன வயதில் கால் அடிபட்டு வயல் வேலை முடியாமல் போக, தச்சுவேலைக்குப் போனார். லண்டனில் பணக்காரர் வீடுகளில் கக்கூஸ் பொருத்துகிற வேலை. அதில் இருந்த கோளாறைச் சரிசெய்து 1778-ல் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் கக்கூஸுக்குக் காப்புரிமை வாங்கினார். 1784-ல் ஒரு பூட்டு. அதைத் திறந்து காட்டினால் 200 கினி பரிசு என்று பின்னாளில் அவர் கடை ஜன்னலில் சவால் பலகையே வைத்தார்கள். 1851-ல் ஓர் அமெரிக்கர் ஐம்பது மணி நேரத்துக்கு மேல் போராடித்தான் திறந்தார். 1795-ல் ஹைட்ராலிக் பிரஸ். 1797-ல் பீர் பம்பு. கைப்பிடியை இழுத்தால் நிலவறை பீர் மேலே கிளாஸுக்கு வரும். உள்ளே போகிற குழாய்க்கும் வெளியே போகிற குழாய்க்கும் ஒரே மனிதர் காப்புரிமை வைத்திருந்தது உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கும்!

படியேறுகிற பையனுக்கு விடுதலை. கடைக்காரருக்கு ஒரு சம்பளம் மிச்சம். ஆனால் கூஜா இருந்த இடத்தில் இப்போது குழாய். கூஜா வாய் திறந்த பாத்திரம். உள்ளே அழுக்கு இருந்தால் தெரியும், கையை விட்டுத் தேய்க்கலாம். குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அந்தக் காலத்துக் குழாய் காரீயம். வளைப்பது சுலபம், விலையும் மலிவு. (நம்ம வீட்டு ரசச் சொம்பு வெள்ளீயம். அது வேறு, பயப்பட வேண்டாம்.) பீர் லேசான அமிலம். ராத்திரி கடை மூடின பிறகு குழாயில் தங்கிய பீர் விடிய விடியக் காரீயத்தைக் கரைத்துக்கொண்டிருக்கும். காலையில் முதல் ஆளாக வருகிறவருக்கு அந்தக் கரைசல்தான் முதல் கிளாஸ். அவர் பெரும்பாலும் வேலைக்குப் போகிற வழியில் ஒதுங்கின கூலிக்காரர். காரீயம் உடம்பில் சேர்ந்தால் வயிற்றை முறுக்கும் வலி, மலச்சிக்கல், கை மணிக்கட்டு துவண்டு தொங்குவது என்று வரிசையாக வரும்.

இது தெரியாமல் நடந்ததும் இல்லை. டெவன் பகுதியில் ஆப்பிள் சாறு மது குடித்தவர்களுக்கு வந்த வயிற்றுவலிக்குக் காரணம், சாறு பிழிகிற செக்கில் இருந்த காரீயம்தான் என்று 1767-லேயே ஜார்ஜ் பேக்கர் என்ற டாக்டர் நிரூபித்துவிட்டார். அவருக்குக் கிடைத்தது வசவு. பிழைப்பில் மண்ணைப் போடுகிறார் என்று ஊரே பாய்ந்தது. பிராமாவின் பம்பு வந்தது அதற்கு முப்பது வருடம் கழித்து. அப்படியும் காரீயக் குழாய் வெகுகாலம் ஓடியது.

காரீயம் ஒழிந்து நல்ல குழாய் வந்தால் பிரச்னை தீர்ந்ததா? இல்லை. அடுத்த எதிரி கண்ணுக்கே தெரியாதவன். 1871-ல் லூயி பாஸ்டர் லண்டன் வந்து, விட்பிரெட் என்கிற பிரம்மாண்டமான பீர் ஆலைக்குப் போனார். அவர்களுடைய ஈஸ்ட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, 'இதில் வேண்டாத கிருமி இருக்கிறது' என்று நேரிலேயே சொன்னார். ஆலைக்காரர்கள் கோபப்படவில்லை. அடுத்த முறை அவர் வருவதற்குள் ஒரு மைக்ராஸ்கோப் வாங்கி வைத்துவிட்டார்கள். வியாபாரி என்றால் அப்படி இருக்க வேண்டும். 1876-ல் பாஸ்டர் பீரைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். பிரான்ஸை ஜெயித்த ஜெர்மனியை பீரிலாவது தோற்கடிக்க வேண்டும் என்கிற ஆத்திரமும் அதற்குப் பின்னால் உண்டு.

ஆலை சுத்தமாகிவிட்டது. ஆனால் ஆலைக்கும் கிளாஸுக்கும் நடுவே அந்தக் குழாய் இருக்கிறதே! அதன் உள்சுவரில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்து வழவழவென்று ஒரு படலம் கட்டும். சில கிருமி பீரைப் புளிக்க வைக்கும், சில காடியாக்கும், சில வெண்ணெய் வாசனை கொடுக்கும். கூடவே கால்சியம் ஆக்ஸலேட் பாறை மாதிரி படியும். அதற்கு 'பீர்க்கல்' என்றே பெயர். நம்மில் பலருக்கு சிறுநீரகத்தில் வருகிற கல்லும் பெரும்பாலும் இதே சரக்குதான். பீரில் இருக்கிற ஆல்கஹால் நமக்கு நோய் தரும் கிருமிகளை அவ்வளவாக வளரவிடாது. எனவே குடிப்பவர் அநேகமாகப் படுக்க மாட்டார். 'இந்த ஆலைச் சரக்கு சரியில்லைப்பா' என்று சொல்லிவிட்டுப் போவார். தப்பு செய்தது குழாய், பெயர் கெட்டது ஆலைக்கு.

ஏன் கழுவுவதில்லை? பி.காம். படித்தவன் மூளை உடனே கணக்கில்தான் இறங்கும். நிலவறையிலிருந்து மேலே வரப் பத்து மீட்டர் குழாய், உள்விட்டம் ஒன்பதரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் நிற்கிற பீர் சுமார் 700 மில்லி. கழுவும்போது அது வீண். பத்துக் குழாய் இருக்கிற கடையில் ஒரு தடவைக்கு ஏழு லிட்டர். பிரிட்டனில் வாரம் ஒரு முறை கழுவுவது வழக்கம். வருடத்துக்கு 364 லிட்டர் சாக்கடைக்கு. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர், 'இந்த வாரம் இருக்கட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று சொல்வதன் காரணம் புரிகிறதா? இந்த நஷ்டம் கணக்குப் புத்தகத்தில் பளிச்சென்று தெரியும். ருசி கெட்டதால் திரும்பி வராமல் போன வாடிக்கையாளர் எந்தப் பேரேட்டிலும் தெரிய மாட்டார்.

வீட்டில் காய்ச்சுகிறவருக்குக் கல்லா கிடையாது. பிரிட்டனில் 1880-லிருந்து வீட்டுப் பீருக்கும் லைசென்ஸ் இருந்தது. 1963-ல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை எடுத்தார். அமெரிக்காவில் மதுவிலக்கு 1933-லேயே போனாலும், வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு மட்டும் தடை நீடித்தது. 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வழி பிறந்தது. அப்புறம் கூல்டிரிங்க் கம்பெனிகள் கழித்துக்கட்டின ஸ்டீல் பீப்பாய்கள் மலிவாகக் கிடைக்க, ஆளாளுக்கு வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு குழாய். நம்ம ஊரில் இந்த ஆசையெல்லாம் வேண்டாம். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம்.

அவர்கள் செய்கிற பம்பு இரண்டு ஜாதி. முதலாவது, பூச்செடி டப்பா. நாசிலைக் கழற்றிவிட்டு, பீர்க் குழாயோடு இணைகிற மாதிரி ஒரு முனை பொருத்துவார்கள். டப்பாவில் காஸ்டிக் சோடாக் கரைசல். பத்துத் தடவை பம்பு அடித்தால் காற்றழுத்தம் கரைசலைக் குழாய்க்குள் தள்ளும். இருபது நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரால் அலசுவார்கள். எளிமை. ஆனால் ஊறவைப்பதும் தேய்ப்பதும் ஒன்றில்லையே. அழுக்கு வேட்டியை வாளியில் ஊறப்போட்டு அப்படியே கொடியில் காயப்போட்டால் எப்படி?

அதனால் இரண்டாவது ஜாதி. பேட்டரி டப்பாவுக்குள் இருப்பது போன்ற 12 வோல்ட் மோட்டார் ஒன்று. ஒரு வாளியிலிருந்து கரைசலை உறிஞ்சி, குழாய் வழியாக ஓடவிட்டு, அதே வாளிக்குத் திருப்பும். ஓடுகிற திரவம் சுவரை உரசி அந்தப் படலத்தைப் பெயர்க்கும். அமெரிக்க பீர்த் தொழில் சங்கத்தின் கையேடு சொல்கிற அளவு இது: இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, 2 முதல் 3 சதவிகிதக் கரைசல், பதினைந்து நிமிடம், நிமிடத்துக்குச் சுமார் ஏழரை லிட்டர் ஓட்டம். சூடு 27 முதல் 43 டிகிரி. நம்ம ஊர் மே மாத மொட்டைமாடி டேங்க் தண்ணி சும்மாவே அந்தச் சூட்டில்தான் வரும்! காஸ்டிக்குக்குக் கரையாத பீர்க்கல்லுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அமிலம். வீட்டு மோட்டார் அந்த ஓட்டத்தை எட்டாது. இருந்தாலும் ஊறவைப்பதைவிடத் தேவலை.

காஸ்டிக் சோடா விளையாட்டுச் சாமான் இல்லை. தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியத்தில் பட்டால் அரிக்கும், எரிகிற வாயு கிளம்பும். குழாயில் காஸ்டிக் நிற்பதை மறந்து, கிளாஸில் பிடித்துக் கொடுத்து, குடித்தவர் தொண்டை வெந்துபோன வழக்குகள் பிரிட்டனில் உண்டு. அதனால்தான் விவரமானவர்கள் கடைசியாக வருகிற தண்ணீரை பி.ஹெச். காகிதத்தில் தொட்டுப் பார்க்கிறார்கள். இன்னொன்று: ஒரு தடவை பூச்சிமருந்து ஊற்றின டப்பாவைக் குடிக்கிற சமாசாரத்துக்கு எக்காலத்திலும் தொடக்கூடாது. எத்தனை முறை கழுவினாலும் சரி.

இந்தக் குழாய்க் கலை நம்ம பக்கம் ஏன் வரவில்லை? பீர் வந்தது. வெலிங்டன் பாசறை சிப்பாய்களின் தாகத்துக்காக நீலகிரியில் ஆலைகளே இருந்தன. நீலகிரி, பெங்களூர்ப் பக்கத்து ஐந்து ஆலைகளைச் சேர்த்து 1915-ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆரம்பித்ததுதான் யுனைடெட் ப்ரூவரீஸ். 'ஹாக்ஸ்ஹெட்' என்ற சுமார் 245 லிட்டர் பீப்பாய்கள் மாட்டுவண்டியில் ஆடி ஆடிப் போகும். பிறகு பாட்டில் வந்தது. மதுவிலக்கு வந்தது, போனது, மறுபடி வந்தது, மறுபடி போனது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனை முழுசாக டாஸ்மாக் கைக்குப் போனபோது, தமிழனுக்கு பீர் என்றால் மூடி போட்ட பாட்டில். பாட்டிலுக்குக் குழாய் கிடையாது, கழுவுகிற வேலையும் இல்லை.

ஆனால் இதன் அடிப்படைச் சூத்திரம் நம்ம பனையேறிக்கு எப்போதோ தெரியும். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. கலயத்தின் உட்பக்கம் புதுசாகச் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது பதநீர். தடவாமல், நேற்றைய மிச்சம் ஒட்டிய கலயத்தைக் கட்டினால் கள். கலயத்துச் சுவரில் ஒட்டிய ஈஸ்ட்தான் கள்ளுக்கு உறை. தயிருக்குப் பிரைமோர் மாதிரி. சுண்ணாம்பின் காரம் அந்த ஈஸ்ட்டை முடக்கிப்போடும். காஸ்டிக் சோடாவும் காரம்தான், சுண்ணாம்பைவிட முரட்டுத்தனமான அண்ணன். வெள்ளைக்காரன் காலத்து ஆப்காரி விதிகளும் இதைப் பிடித்துக்கொண்டன. சுண்ணாம்பு பூசிய கலயமா, பூசாததா? வரியும் வழக்கும் அதைப் பொறுத்துத்தான். 1987 ஜனவரி ஒன்றாம் தேதி கள் தடை வந்த பிறகு அந்த வெள்ளைப் பூச்சு இன்னும் முக்கியமாகிவிட்டது. பனையேறி தினமும் மரமேறிக் கலயத்தை இறக்கி, துடைத்து, மறுபடி சுண்ணாம்பு தடவியாக வேண்டும். ஒரு நாள் விட்டாலும் சாறு பொங்கிவிடும். அப்புறம் போலீஸ்காரர் மூக்குக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நகரத்து வீடுகளுக்கு வருவோம். பீர்க் குழாய் நம்மிடம் இல்லை, சரி. 20 லிட்டர் தண்ணீர் கேன் கவிழ்த்து வைக்கிற டிஸ்பென்சர் இருக்கிறதல்லவா? கேன் மாறுகிறது, தண்ணீர் மாறுகிறது. கீழே இருக்கிற தொட்டியும் சின்னக் குழாயும் மாறுவதில்லை. அங்கேயும் அதே வழவழப்புப் படலம்தான் கட்டுகிறது, ஆல்கஹால் காவல் இல்லாமல். அடுத்த கேன் வருவதற்கு முன்னால் தொட்டிக்குள் விரலை விட்டு ஒரு தடவு தடவிப் பாருங்கள். குழாயைக் கழற்றிப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. இதற்கு பம்பெல்லாம் வேண்டாம்.