வாடகையைத் திரும்பப் பெறும் உரிமை: செங்கல்பட்டு – மாமல்லபுரம் கடற்கரைப் பகுதி

வாடகையைத் திரும்பப் பெறும் உரிமை என்பது, வீட்டு உரிமையாளர் சட்டத்தை மீறி வாங்கிய தொகையைக் குடியிருப்பவர் கேட்டுப் பெறும் வழியாகும். உரிமையாளர் கட்டும் அபராதம் அரசுக்குச் சேரும். இந்த உரிமையின்படி பணம் அதைக் கட்டியவருக்கே திரும்பும்.

தொடக்கம்

இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் சென்னை மாகாணத்தில் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. போர் முடிந்த பின் அது 1946, 1949ஆம் ஆண்டுகளில் சட்டமாகி, 1960இல் விரிவான கட்டட (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டமாக நிலைத்தது.

1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, நியாய வாடகை தீர்மானிக்கப்பட்ட பிறகு அதற்கு மேல் வாங்கிய தொகையைத் திருப்பித் தரச் சொன்னது. நியாய வாடகை 100 ரூபாய் என்றால், 130 ரூபாய் வாங்கியவர் 30 ரூபாயைத் திருப்ப வேண்டும். குடியிருப்பவர் விரும்பினால் அதை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். அட்வான்ஸ் ஒரு மாத வாடகையைத் தாண்டக் கூடாது.

கடற்கரைச் சாலையின் விடுதிகள்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் பழைய மாமல்லபுரம் சாலையில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் வந்தபின், நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் பகுதிகளில் விடுதிகள் பெருகின. 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் இவ்வூர்கள் உள்ளன. இங்கு வெளியூர் இளைஞர் வாடகைக்கு எடுப்பது பெரும்பாலும் வீட்டை அல்ல, பகிர்ந்த அறையில் ஒரு கட்டிலை.

பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. உரிமமின்றி நடத்துவது குற்றம். ஆனால் ஆண்கள் விடுதிகள் இதன் வரம்பில் இல்லை. உரிமையாளர் தண்டிக்கப்பட்டாலும் தங்கியவர் கட்டிய பணம் தானாகத் திரும்புவதில்லை.

1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. நியாய வாடகை முறை போய், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தொகையே வாடகை ஆனது. எழுத்து வடிவ ஒப்பந்தமும் அதன் பதிவும் கட்டாயமாயின. விடுதியில் கட்டில் எடுப்பவரிடம் பெரும்பாலும் இருப்பது ஒரு ரசீது மட்டுமே.

இங்கிலாந்தின் வழி

இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் உரிமத்தையும் வாடகையையும் ஒன்றாகப் பிணைத்தது. உரிமம் பெறாத பகிர்வு வீட்டில் குடியிருந்தவர் தீர்ப்பாயத்தில் முறையிட்டு வாடகையைத் திரும்பக் கேட்கலாம். முதலில் உரிமையாளர் குற்றவாளி எனத் தீர்ப்பாகியிருப்பது போன்ற முன்நடவடிக்கை தேவைப்பட்டது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீக்கியது. 12 மாத வாடகை வரை திரும்பக் கிடைத்தது. 2025ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வரம்பை இரு மடங்காக்கியது. சோதனைக்கு அதிகாரி வராவிட்டாலும் உரிமமற்ற வீட்டை வெளிக்கொணரக் குடியிருப்பவருக்கே காரணம் கிடைத்தது.

இன்றைய நிலை

தமிழ்நாட்டில் இதற்கு மிக நெருக்கமான வழி, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். விடுதியின் சேவையில் குறைபாடு நிரூபணமானால், கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தர மாவட்ட நுகர்வோர் ஆணையம் உத்தரவிடலாம். ஆனால் குறைபாட்டை நிரூபிக்கும் சுமை தங்கியவருடையது. உரிமம் இல்லை என்பதையே போதுமான காரணமாக்கும் விதி வரும்வரை, ரசீதும் வங்கிப் பணப்பரிமாற்றப் பதிவுமே அவருடைய முதன்மைச் சான்றுகள்.