பாரந்தூக்கியின் வரலாறு

வீட்டு முற்றத்திலேயே மோட்டார் வண்டியைப் பழுதுபார்க்க விரும்பும் இளைஞர் இன்று பல நாடுகளில் உளர். என்ஜினை வெளியே எடுக்க வேண்டிய நாள் வந்ததும் அவர்கள் முன் ஒரு கேள்வி எழுகின்றது. அந்த இரும்புப் பாரத்தைத் தூக்கும் கருவியை விலைக்கு வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? மாணவர்களே, இக்கேள்வி நேற்றுத் தோன்றியதன்று.

இடைக்கால ஐரோப்பியத் துறைமுகங்களில் பாரந்தூக்கி பெரும்பாலும் நகரத்தின் பொதுச் சொத்தாக விளங்கியது. வணிகர் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தினர். இன்று போலந்தில் உள்ள கிடான்ஸ்க் நகரில் 1442 முதல் 1444 வரை எழுப்பப்பட்ட பெரும் பாரந்தூக்கி இவ்வகையில் புகழ் பெற்றது. பெரிய மரச் சக்கரங்களுக்குள் ஆட்கள் நடப்பர்; சக்கரம் சுழலும்; கயிறு சுற்றிக்கொள்ளும்; பாரம் மேலெழும். ஜெர்மனியின் லூனபர்க் நகரில் 1797-இல் கட்டப்பட்ட இத்தகைய தூக்கி, 1840-இல் இங்கிலாந்திலிருந்து வந்த, 9 டன்னுக்கு மேல் எடையுள்ள ரயில் என்ஜினையே இறக்கியது. என்றோ ஒரு நாள் தேவைப்படும் பெருங்கருவியை ஒவ்வொருவரும் தனித்தனியே வைத்திருத்தல் வீண் என்பதை அந்நகரத்தார் உணர்ந்திருந்தனர்.

பல ஆட்களின் வேலையை ஒரே மனிதன் செய்யும் வழியைத் திரவம் காட்டிற்று. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பது பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட உண்மை. அவர் நூல் 1663-இல், அவர் மறைந்த மறு ஆண்டில், வெளியாயிற்று. சிறிய உந்துதண்டினும் பெரியதன் பரப்பு 50 மடங்கானால், 10 கிலோ விசை 500 கிலோவைத் தாங்கும். ஆனால் பெரியது 1 சென்டிமீட்டர் உயரச் சிறியது 50 சென்டிமீட்டர் நகர வேண்டும். இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை.

இவ்வுண்மையை நடைமுறைக்குக் கொணர்ந்தவர் ஆங்கிலேயப் பூட்டுத் தொழிலாளர் ஜோசப் பிராமா. 1795-இல் அவர் நீரழுத்த யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். உந்துதண்டின் ஓரத்தில் நீர் கசிவதே பெருந்தடையாயிருந்தது. அழுத்தம் ஏற ஏறத் தானே இறுகும் தோல் வளையம் அத்தடையை நீக்கிற்று. அது அவரிடம் பணிபுரிந்த ஹென்றி மாட்ஸ்லேயின் யோசனை என்பர்.

இக்கருவியின் ஆற்றலையும் அபாயத்தையும் ஒருங்கே காட்டியது வேல்ஸ் நாட்டுப் பிரிட்டானியா பாலம். ராபர்ட் ஸ்டீபன்சன் வகுத்த அப்பாலத்தின் பெரிய இரும்புக் குழாய் ஒவ்வொன்றும் 460 அடி இடைவெளியைக் கடப்பது; எடை 1,500 டன்னுக்கு மேற்பட்டது. அவற்றை நீரழுத்த யந்திரங்களாலேயே உயர்த்தினர். குழாய் உயர உயர, அதனடியில் உடனுக்குடன் முட்டுக் கொடுத்து வரவேண்டும் என்பது ஸ்டீபன்சனின் உறுதியான கட்டளை. வேலை தாமதமாகிறதே என்று எண்ணியோர் இருந்திருக்கலாம். 1849 ஆகஸ்டில் ஒரு யந்திரத்தின் அடிப்பாகம் திடீரென வெடித்தது. முட்டு இருந்தமையால் குழாய் ஓர் அடிக்கும் குறைவாகவே இறங்கி நின்றது. இன்றேல் அத்துணை உழைப்பும் கடலில் வீழ்ந்திருக்கும். மறு ஆண்டு பாலம் திறக்கப்பட்டது.

இன்றைய என்ஜின் தூக்கி பிராமாவின் யந்திரத்தினது சிறிய வழித்தோன்றலே. நீருக்குப் பதில் எண்ணெய், எஃகுச் சட்டம், உருளும் கால்கள், நீட்டக்கூடிய கை. கையை நீட்டுந்தோறும் தூக்கும் திறன் குறையும். நெம்புகோல் விதி அது. ஆண்டில் ஒருமுறை பயன்படுத்துவோர் வாடகைக்கு எடுத்தலே சிக்கனம். அடிக்கடி பயன்படுத்துவோரும், வைக்க இடமுள்ளோரும் வாங்கலாம். எவ்வாறாயினும் எண்ணெய்க் கசிவு, கொக்கி, சங்கிலி ஆகியவற்றை முன்னரே சோதித்தல் வேண்டும். தரை சமமாயிருத்தல் வேண்டும். தூக்கிய என்ஜினைத் தாழ்வாகவே வைத்து நகர்த்தல் வேண்டும். தொங்கும் பாரத்தின் கீழ் உடலின் எப்பகுதியையும் நீட்டலாகாது.

கருவி வாடகைக்குக் கிடைக்கும். எச்சரிக்கை அவ்வாறு கிடைப்பதன்று. அதை நாமே வளர்த்துக்கொள்ள வேண்டும். யந்திரத்தை நம்பிய ஸ்டீபன்சன் முட்டுக் கொடுக்கவும் மறக்கவில்லை. அதுவே அறிஞர் வழி.