தறி கிடைக்கும், பாவு கிடைக்குமா?

இந்த எபிசோட் ஒரு ஷாப்பிங் வேலையில ஆரம்பிச்சது. எனக்கு ஒரு பழைய கைத்தறி வேணும். நெசவு தெரியாது, கத்துக்கணும்னு ஆசை. புதுசா ஆசாரிகிட்ட சொல்லிச் செய்ய வைக்கிற அளவுக்குத் துணிச்சல் இல்லை. பாட்டி வீடு திருச்சுழியில பூட்டிக் கிடக்கு. அங்கிருந்து சுமார் பதினைஞ்சு கிலோமீட்டர்ல அருப்புக்கோட்டை, பல தலைமுறையா நெசவு நடக்குற ஊர். தறிக்கா பஞ்சம்னு நினைச்சேன்.

கணக்கும் எனக்குச் சாதகமாத்தான் இருந்தது. 1995-96 கைத்தறிக் கணக்கெடுப்புல இந்தியா முழுக்க நெசவாளர்களும் அவங்களைச் சார்ந்த தொழிலாளர்களும் 65.5 லட்சம் பேர். 2009-10ல 43.3 லட்சம். 2019-20ல 35.2 லட்சம். கால் நூற்றாண்டுல முப்பது லட்சம் பேர் தறியை விட்டு எழுந்து போயிருக்காங்க. அப்போ எத்தனை தறி சும்மா கிடக்கும், விலையும் சல்லிசா இருக்கும்ல? ஒரு இன்ஜினியர் மூளை இப்படித்தான் யோசிக்கும். இந்தக் கணக்கு எங்கே தப்புங்கிறதுதான் இந்த எபிசோட்.

முதல் தப்பு ரெண்டாவது வீட்லயே தெரிஞ்சு போச்சு. எழுபது வயசு தாண்டின ஒரு நெசவாளர். பெயர் வேண்டாம்னு சொல்லிட்டார், அதனால அய்யான்னே சொல்றேன். "தறியைப் பார்க்கணும்னா உள்ள வாங்க தம்பி"ன்னு கூப்பிட்டார். உள்ளே போனா தரையில ஒரு குழி. அதுக்கு மேல மரச்சட்டம், படமரம், தொங்குற அச்சு. குழி ஓரத்துல உட்கார்ந்து, காலை உள்ளே விட்டு, அடியில இருக்கிற மிதியை மிதிச்சு நெய்யணும். குழித்தறி.

"இதுல எதை எடுத்துட்டுப் போவீங்க?"ன்னு கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமான கேள்வி. மரத்தைக் கழட்டலாம். குழியைக் கழட்ட முடியுமா? குழித்தறியில பாதி தறி வீட்டோட தரைதான்.

குழி கால் வைக்க மட்டும் இல்லைங்கிறது எனக்கு அப்பத்தான் தெரிஞ்சது. பருத்தி இழை காய்ஞ்சா அறுந்துபோகும். லங்காஷயர்ல அத்தனை மில் வந்ததுக்கு அந்த ஊரோட ஈரக்காத்தும் ஒரு காரணம்னு சொல்லுவாங்க. அருப்புக்கோட்டைப் பக்கம் ஈரக்காத்துக்கு எங்கே போறது? தரைக்கு ஒட்டி, மண்ணோட ஈரத்துக்குப் பக்கத்துல பாவை வெச்சாங்க. குழியும் மண் தரையும்தான் அந்தக் காலத்து ஹ்யூமிடிஃபையர். சரி, பாட்டி வீட்ல ஒரு குழி வெட்டிடலாம்னா அது கரிசல் மண். மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும். செங்கல்லோ கல்லோ வெச்சுக் கட்டலைன்னா ஒரே மழைக்காலத்துல குழிச்சுவர் சரிஞ்சிரும். சிவில் படிச்ச நண்பன் சிரிச்சுக்கிட்டே, "முதல்ல ஒரு தடுப்புச் சுவர் கட்டு, அப்புறம் சேலை நெய்யலாம்"னான்.

அதனால மேடைத்தறி தேட ஆரம்பிச்சேன். நாலு கால்ல தரை மேலேயே நிக்கிற தறி. கழட்டலாம், வண்டியில ஏத்தலாம்.

இங்க கொஞ்சம் நிறுத்தி, ஒரு தறிக்குள்ள எத்தனை காலம் இருக்குன்னு சொல்லணும். நான் பார்த்த எல்லாத் தறியிலயும் மேலேயிருந்து ஒரு கயிறு தொங்கிச்சு. அதைச் சுண்டி இழுத்தா நாடா பாவுக்கு நடுவுல இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் பறக்கும். இது நம்ம பாட்டன் பூட்டன் காலத்துத் தொழில்நுட்பம்னு நினைச்சிருந்தேன். இல்லை. 1733ல இங்கிலாந்துல ஜான் கே பேட்டன்ட் வாங்கின விஷயம். அதுக்கு முன்னாடி உலகம் முழுக்க நாடாவைக் கையால வீசி, மறுகையால பிடிச்சாங்க. கை எட்டுற அகலம்தான் துணியோட அகலம்.

சென்னை மாகாணத்துக்கு அது பரவலா வர்றதுக்கு இருபதாம் நூற்றாண்டு ஆகிடுச்சு. அதுக்காக மெனக்கெட்டவங்கள்ல ஒருத்தர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். 1888ல சென்னை இன்ஜினியரிங் காலேஜுக்குப் பேராசிரியரா வந்தவர். அலுமினியப் பாத்திரத் தொழிலை இங்கே ஆரம்பிச்சு வெச்சவரும் அவர்தான். நெசவாளர்களை ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்து, புதுத் தறியைக் கொடுத்து, நேரத்துக்கு வேலை வாங்கணும்னு சேலத்துல ஒரு நெசவுக்கூடம் நடத்தினார். தறி வேலை செஞ்சது, திட்டம் வேலை செய்யலை. நெசவாளர்கள் ஒழுங்கா வரலைன்னு அவருக்கு வருத்தம். 1910ல, அரசாங்கம் இப்படித் தொழில் நடத்தக்கூடாதுன்னு லண்டன்ல இருந்து மார்லி பிரபு தடுத்தார். அதோட அந்த முயற்சி முடிஞ்சது.

ஆனா கயிறு மட்டும் தங்கிடுச்சு. கூடத்துக்குப் போக விரும்பாத நெசவாளர்கள் நாடாவையும் கயிறையும் வீட்டுக் குழித்தறியிலயே மாட்டிக்கிட்டாங்க. 1930கள் முடியறதுக்குள்ள இந்த மாகாணத்துத் தறிகள்ல பெரும்பான்மை விசைநாடாத் தறி ஆகிடுச்சு. கைத்தறின்னா மாறாத பழமைன்னு பேசுறவங்க இதைக் கவனிக்கிறதில்லை. பொருளாதார வரலாற்றாசிரியர் தீர்த்தங்கர் ராய் இதைப் பல வருஷமாச் சொல்லிட்டிருக்கார்: மில் நூலை வாங்கி, கருவியை மாத்தி, சந்தையை மாத்தித்தான் கைத்தறி பிழைச்சது. எனக்கு இதுல ஒரு தனி சந்தோஷம். நம்ம ஆட்கள் மொத்த சிஸ்டத்தையும் ஏத்துக்காம, தேவைப்பட்ட ஒரே ஒரு மாட்யூலை எடுத்துக்கிட்டாங்க. (ஜக்கார்டு அட்டையையும் கம்ப்யூட்டரையும் பத்தி இங்க பேசப் போறதில்லை. அதுக்கு ஏற்கனவே போதுமான பாட்காஸ்ட் இருக்கு.)

மில் நூல்னதும் ஞாபகம் வருது. திருச்சுழியைச் சுத்தி விளைஞ்ச கருங்கண்ணிப் பருத்தி குட்டை இழை. சன்னமான சேலைக்குத் தேவையான 60, 80 நம்பர் நூல் அதுல வராது, அதுக்கு நீள இழை வேணும். "டின்னவெல்லி"ங்கிற பேர்ல தூத்துக்குடி வழியா மூட்டை மூட்டையாக் கப்பலேறினது இந்தக் குட்டை இழைதான். நம்ம காட்டுப் பருத்திதான் நம்ம ஊர்ச் சேலை ஆச்சுன்னு பாட்டி சொன்ன கதை அழகான கதை, ஆனா பெரும்பாலும் நடந்திருக்காது. பாட்டி, மன்னிச்சிருங்க.

இப்போ செகண்ட் ஹேண்டுக்கு வருவோம். தேடும்போது எனக்குக் காட்டினதுல பாதி விசைத்தறி. "இதை வாங்கு தம்பி, எடைக்கு எடை இரும்பு"ன்னு ஒருத்தர். விசைத்தறித் தொழிலோட வரலாறே ஒரு வகையில செகண்ட் ஹேண்ட் வரலாறுதான். 1904ல மகாராஷ்டிரத்து இச்சல்கரஞ்சியில விட்டல்ராவ் தாத்தார் முதல் விசைத்தறியை ஓட்டினார். அதுக்கப்புறம் பெரிய மில்கள் கழிச்சுப்போட்ட தறிகளைச் சின்ன முதலாளிகள் வாங்கி, ஷெட்டுல ஓட்டினாங்க. 1982 ஜனவரியில தத்தா சாமந்த் தலைமையில பம்பாய் மில் ஸ்ட்ரைக் தொடங்கினப்புறம் பல மில்கள் எழுந்திரிக்கவே இல்லை. வேலை பிவண்டி மாதிரி ஊர்களுக்குப் போச்சு. மில்லுக்குக் கழிவான தறி, ஷெட்டுக்கு மூலதனம். சேலை, வேட்டி மாதிரி சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும்னு ஒதுக்கி 1985ல ஒரு சட்டம் வந்தது. முதல்ல 22 ரகம், பிறகு அதுவும் 11 ஆக் குறைஞ்சது. அருப்புக்கோட்டைத் தெருக்கள்ல இன்னைக்கு நீங்க கேக்குறது பெரும்பாலும் விசைத்தறிச் சத்தம்தான்.

விசைத்தறியைக் கழிச்சா இரும்பு விலை கிடைக்கும். கைத்தறியைக் கழிச்சா? "விறகு"ன்னார் அய்யா. சும்மா கிடக்குற தறி எங்கே போச்சுங்கிற என் கணக்குக்குப் பாதி பதில் அது.

அய்யா வீட்டுப் பிள்ளைங்க யாரும் தறியில இல்லை. பையன் படிச்சது தேவாங்கர் கலைக் கல்லூரியில, அருப்புக்கோட்டை நெசவுச் சமூகத்தோட பேர்லயே இருக்கிற காலேஜ். தறியில சம்பாதிச்ச காசு பிள்ளைகளைத் தறியில இருந்து வெளியே அனுப்பியிருக்கு. அவருக்கு அதுல துளி வருத்தம் இல்லை. நான்தான் சோகமா மூஞ்சியை வெச்சிருந்தேன் போல. "நீங்க ஏன் தம்பி கவலைப்படுறீங்க, நான் நெய்ஞ்சதே அதுக்குத்தான்"னார். அந்த இடத்துல என் மொத்தத் திட்டமும் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அவர் முதுகு வலியோட விட்டு வெளியேறின இடத்துக்குள்ள, நான் பொழுதுபோக்குக்கு நுழையப் போறேன்.

கடைசியில அவரோட சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில ஒரு மேடைத்தறி கிடைச்சது. அய்யாவே வந்து பார்த்துச் சொன்னார். நான் டேப்பை எடுத்து மூலைக்கு மூலை அளந்து, ரெண்டும் சமமா இருக்கு, சட்டம் கோணலை, அப்படின்னு பெருமையா நின்னேன். அவர் டேப்பைத் தொடவே இல்லை. நாடா ஓடுற பலகையில உள்ளங்கையை வெச்சுத் தடவினார். பலகை வளைஞ்சா நாடா தாவி வெளியே விழும். படமரத்தை உருட்டிப் பார்த்தார். விரலால மரத்தைத் தட்டி, கரையான் இருக்கான்னு காது கொடுத்தார். அச்சுல துரு இருக்கான்னு வெளிச்சத்துக்கு எதிரே பிடிச்சார். துருப்பிடிச்ச அச்சு இழையை அறுக்கும்.

அப்புறம்தான் முக்கியமான விஷயம். அச்சுக்கும் விழுதுக்கும் நடுவுல பழைய இழை கொஞ்சம் தொங்கிட்டிருந்தது. கடைசிச் சேலையை அறுத்தெடுத்தப்போ விட்ட மிச்சம். குப்பைன்னு நினைச்சு நான் கத்திரியை எடுத்தேன்.

"ஐயோ, வேண்டாம் தம்பி!"ன்னு கையைப் பிடிச்சுட்டார்.

தறியை ஒருநாளும் முழுசா வெறுமையா விடக்கூடாதாம். புதுப் பாவு வந்தா, அதோட ஒவ்வொரு இழையையும் இந்தப் பழைய வால் இழையோட பிணைச்சு, மெதுவா இழுத்தா, விழுதுக் கண்ணு வழியா, அச்சு வழியா தானா வந்து சேரும். வாலை அறுத்துட்டா ஒவ்வொரு இழையையும் விழுதுல ஒரு தடவை, அச்சுல ஒரு தடவைன்னு புதுசாக் கோக்கணும். அங்குலத்துக்கு 64 இழைன்னு வெச்சா, 48 அங்குல அகலத்துக்கு 3,072 இழை. அந்தக் கத்திரி எனக்கு அத்தனை வேலை வெச்சிருக்கும். அதுவும் முதல் தடவை நெய்யப் போறவனுக்கு.

பிணைக்கிறது யார்? அதுக்குத் தனியா ஆள் இருக்காங்க. விரல்ல சாம்பலைத் தொட்டுக்கிட்டு, பழைய இழையையும் புது இழையையும் சேர்த்து முறுக்குவாங்க. நல்ல கை இருந்தா ஒரு பகல்ல மொத்தப் பாவையும் முடிச்சிருவாங்க. அதுக்கு முன்னாடி பாவு ஓட்ட ஒருத்தர், தெருவுல பாவை நீட்டிக் கஞ்சி போட நாலஞ்சு பேர். நெசவுத் தெருக்கள் நேரா, நீளமா, அகலமா இருக்கிறதுக்குக் காரணமே அந்தப் பாவுதான். தார் சுத்துற வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்களுக்கு. கூலி இல்லாத கூலி வேலை, எந்த வரலாற்றுலயும் அவங்க பேர் கிடையாது.

என் கணக்கோட மீதிப் பாதி இங்கதான் உடைஞ்சது. நான் தறியை ஒரு மெஷினா எண்ணிட்டிருந்தேன். தறி கடைசிப் படி. ஒரு தெருவுல முப்பது தறி ஓடினா பாவு பிணைக்கிறவருக்கு தினமும் வேலை. அஞ்சு தறின்னா அவர் வேற வேலைக்குப் போயிருவார். அவர் போயிட்டா அந்த அஞ்சு தறியும் நிக்கும், அஞ்சு நெசவாளரும் நல்ல கைகாரங்களா இருந்தாலும். முப்பது லட்சம்ங்கிற அந்த எண்ணுல தறியில உட்கார்ந்தவங்க மட்டும் இல்லை, இவங்களும்தான்.

தறியை அய்யா சொன்னபடியே கழட்டினோம். அச்சையும் விழுதையும் வால் இழையோட சேர்த்து, ரெண்டு மூங்கில் பட்டைக்கு நடுவுல வெச்சுக் கட்டி, பழைய வேட்டியில சுருட்டி, லோடு ஆட்டோவுல என் மடி மேலேயே வெச்சுக்கிட்டு வந்தேன். மரங்கள் பின்னாடி வந்தது. இப்போ திருச்சுழியில, பாட்டி வீட்டுக் கூடத்துல நிக்குது. கரிசல் மேல கட்டின வீடு, தரை ஒரு பக்கம் சரிவு. ஒரு காலுக்கு மட்டும் அடியில பலகை கொடுத்திருக்கேன்.

பாவு பிணைக்கிறவர் ஒருத்தரை அய்யாவே பேசி வெச்சிருக்கார். அவர் இப்போ ஒரு விசைத்தறி ஷெட்டுல வேலை பார்க்கிறார், லீவு கிடைக்கிற ஞாயித்துக்கிழமைதான் வர முடியும். போன ஞாயிறு கோயில் விசேஷம், வரலை. இந்த ஞாயிறு வர்றேன்னு சொல்லியிருக்கார். அதுவரைக்கும் வால் இழையில எலி வாய் வைக்காம பார்த்துக்கச் சொன்னார், அதனால ராத்திரி கூடத்துல லைட்டை அணைக்கிறதில்லை.