மேடைச் சொல்லும் மக்கட் சாட்சியும்

திருகோணமலைத் துறைமுகத்திற்கு வடக்கே, 50 கிலோமீற்றருக்கு அப்பால், கொக்கிளாய்க் கடனீரேரிக்கு அணித்தாக அமைந்த ஊர் புல்மோட்டை. அங்குக் கரையிற் கிடக்கும் மணல் கருமை படர்ந்தது. இல்மனைற்று முதலிய கனியங்கள் அதிலே கலந்துள்ளன. காந்தத்தின் துணைகொண்டு ஆலையில் அவற்றைப் பிரித்தெடுப்பர். மணலைப் பிரித்தல் எளிது. செவியிற் கலந்து விழும் மெய்யையும் பொய்யையும் பிரித்தல் அத்துணை எளிதன்று.

புல்மோட்டை, தமிழ் பேசும் முஸ்லிம்கள் பெருந்தொகையினராய் வாழும் ஊர். திருகோணமலை மாவட்டம் முழுவதையும் நோக்கின், 2012 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, 100 பேரில் ஏறத்தாழ 40 பேர் முஸ்லிம்கள், 31 பேர் தமிழர், 27 பேர் சிங்களவர். எங்கோ ஒரு தேர்தல் மேடையிலே ஒருவர் உதிர்க்கும் இனப்பகைச் சொல், இத்தகைய மாவட்டத்திலே சந்தைக்கும் கடலுக்கும் செல்வோரின் உள்ளத்தில் அச்சமாய் வந்து குடிகொள்ளும். அச்சொல்லுக்குத் தடை யாது? வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

நம்மவர் மேடையிலிருந்தே தொடங்குதல் முறையாகும். 1939 ஆம் ஆண்டில், அரசாங்க சபையின் பருத்தித்துறை உறுப்பினரான ஜி. ஜி. பொன்னம்பலம் நாவலப்பிட்டியிலே ஒரு கூட்டத்திற் பேசினார். சிறுபான்மையோருக்குச் சமபங்கு கேட்டு அவர் இயக்கம் நடத்திய காலம் அது. உரிமை கேட்ட வாய், மகாவம்சத்தையும் சிங்கள மக்களின் பழம் பெருமையையும் இழித்துரைத்தது. கலகம் மூண்டது, நாவலப்பிட்டியோடு நில்லாது வேறு ஊர்களுக்கும் பரவியது. சிங்களவர்க்கும் தமிழர்க்கும் இடையே இந்நாட்டில் மூண்ட முதற் கலவரம் இதுவே என்று வரலாற்றாசிரியர் குறிப்பர். கோரிக்கை நியாயமாயிருத்தல் வேறு. அதனை முன்வைக்கும் சொல் நியாயமாயிருத்தல் வேறு.

1956 ஆம் ஆண்டுத் தேர்தலில், 24 மணி நேரத்திற்குள் தனிச் சிங்களம் என்ற முழக்கம் எழுந்தது. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க வெற்றி பெற்றார். மேடை முழக்கம் 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டமாயிற்று. ஈராண்டு கழித்து, 1958 மே மாதத்திற் கலவரம் வெடித்தது. மே 22 ஆம் நாள் பொலன்னறுவையிலே புகைவண்டிப் பயணிகள் தாக்கப்பட்டனர். மே 25 ஆம் நாள் மட்டக்களப்புப் பகுதியிலே சிங்களவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் பிரதமர் வானொலியிற் பேசியபோது அக்கொலையையே சுட்டிக் கூறினார். முன்னர் நிகழ்ந்தவற்றை அறியாதவர், தமிழரே கலவரத்தைத் தொடக்கியவர் என்று கொண்டனர். கலவரம் மேலும் பெருகிற்று. வானொலியிற் பேசுவோர் யாவரும் மறவாதிருக்க வேண்டிய பாடம் இது. பின்பு அவசரகாலச் சட்டம் வந்தது. பத்திரிகைகள் தணிக்கைக்கு உட்பட்டன.

இந்நிகழ்ச்சிகளை நாள்வாரியாக எழுதி, அதே ஆண்டில் இலண்டனிலே நூலாக வெளியிட்டவர் தார்சி வித்தாச்சி. அவர் சிங்களவர், ‘ஒப்சேவர்’ பத்திரிகையின் ஆசிரியர். தம் இனத்தார் செய்த தவற்றைத் தாமே எழுதினார் என்பதே அச்சாட்சியின் வலிமை.

அக்காலத்திற் சாட்சி கூறுவதற்கு அச்சகமும் ஆசிரியர் பதவியும் வேண்டியிருந்தன. 2006 ஆம் ஆண்டில் அந்நிலை மாறிவிட்டதை உலகம் கண்டது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலே செனற்சபைத் தேர்தலிற் போட்டியிட்ட ஜோர்ஜ் அலன், இந்திய வழிவந்த எஸ். ஆர். சித்தார்த் என்ற மாணவரைக் கூட்டத்தின் முன்னே சுட்டிக் காட்டி, குரங்கினம் ஒன்றன் பெயரால் அழைத்தார். அமெரிக்காவுக்கு நல்வரவு என்றும் ஏளனம் செய்தார். அம்மாணவரோ அதே மாநிலத்திற் பிறந்தவர். அவர் கையிலே படக்கருவி இருந்தது. அவர் எதிரணியின் ஊழியரே. ஆயினும் படம், சொன்னதைச் சொன்னபடியே காட்டிற்று. அலன் மன்னிப்புக் கோரினார். 23 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளில் ஏறத்தாழ 9,000 வாக்குகளால் தோல்வியுற்றார். ஒரு சொல்லே தோற்கடித்தது என்பது மிகையாகலாம். அச்சொல் மறையாமல் நின்றது என்பது உண்மை. அதே 2006 ஆம் ஆண்டிலே இலங்கையிலும், குடிமக்கள் இதழியலுக்கென்றே ‘கிரவுண்ட்வியூஸ்’ என்னும் இணையத்தளம் தோன்றியது.

ஆயின், கருவி தானாக உண்மை பேசிவிடாது. 2018 பெப்ரவரியில் அம்பாறையிலே, முஸ்லிம் உணவகம் ஒன்றில் மலட்டு மாத்திரை கலந்த உணவு கொடுக்கப்படுவதாக வதந்தி எழுந்தது. சிங்களம் நன்கறியாத ஒருவரை அச்சுறுத்தி, ஆம் என்று கூறவைத்த காட்சி படமாகி நாடெங்கும் பரவியது. உணவிற் கிடைத்தது மாவுக்கட்டியே என்று அரசாங்கப் பகுப்பாய்வாளர் பின்னர் கண்டனர். அதற்குள் பள்ளிவாசலும் கடைகளும் தாக்குண்டன. சில நாள்களிற் கண்டி மாவட்டத்துத் திகனையிலும் வன்செயல் பரவிற்று. அவ்வன்செயலில் தன் தளம் பெற்ற பங்குக்காக, 2020 ஆம் ஆண்டிலே பேஸ்புக் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது.

அம்பாறை நிகழ்ச்சியில் ஆழ்ந்து கருதத்தக்கது மொழியாகும். இந்நாட்டிலே இனப்பகைப் பேச்சு, பெரும்பாலும் பகைக்கப்படுவோர் அறியாத மொழியிலேயே நிகழ்கின்றது. தமிழ் மேடையிற் பேசப்படுவதைச் சிங்களவரிற் பலர் அறியார். சிங்கள மேடையிற் பேசப்படுவதைத் தமிழரிலும் முஸ்லிம்களிலும் பலர் அறியார். ஆதலின் ஒவ்வொரு மேடைக்கும் நேர்மையான முதற்சாட்சி, அம்மேடையின் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவரே. அயலார் குற்றத்தை மாத்திரம் படம்பிடிப்பவர் கட்சிக்காரராவர். தம்மவர் நாவினையும் பதிவு செய்பவரே சாட்சியாவர்.

இனப்பகையைத் தூண்டுதலைக் குற்றமாக்கும் 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் உண்டு. ஆயினும் சாட்சியின்றிச் சட்டம் நடவாது. புல்மோட்டையிலும் இன்று பலரிடம் கைத்தொலைபேசி உண்டு. தேர்தற் கூட்டத்திற்குச் செல்வோர் பேச்சை முழுமையாகப் பதிவு செய்க; இடமும் நாளும் குறித்து வைக்க; வெட்டியும் ஒட்டியும் அனுப்பாதொழிக; ஐயமுள்ளதை மொழியறிந்த அயலாரிடம் கேட்டுத் தெளிக. தம் ஊரார் தம்மைக் கேட்கின்றனர் என்பதோடு, தம் சொல்லை ஊரார் காத்து வைக்கின்றனர் என்பதையும் அறிந்த பேச்சாளர், அடுத்த சொல்லை எண்ணியே பேசுவார்.