சிகிச்சைத் தொடர் எங்கே முடிகிறது? திருவள்ளூர் காசநோய் அனுபவமும் மின்னணு மருத்துவப் பதிவும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு ஆலையொன்றில் வேலை செய்யும் ஒடிசாத் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். இருமலுக்கு முதலில் மருந்துக்கடை டானிக், அடுத்து இ.எஸ்.ஐ. மருந்தகம், மூன்றாம் வாரம் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை. போகுமிடமெல்லாம் புதிய ஓ.பி. சீட்டு, புதிய எண். காசநோய் மாத்திரை தொடங்கிய இரண்டாம் மாதம் ஊருக்குக் கிளம்பிவிடுகிறார். பதிவேடுகளில் இவை ஒன்றையொன்று அறியாத வருகைகள். அவர் உடம்பிலோ ஒரே நோய். இவற்றை ஒன்றாகக் கட்டும் அலகே சிகிச்சைத் தொடர். அதன் தொடக்கத்தையும் முடிவையும் நோயின் போக்கைக் கொண்டே வரையறுக்க வேண்டும். பதிவு மேசையின் வசதி அதற்கு அளவுகோலாகாது.

இந்தக் கருத்து புதிதன்று. 1967-இலேயே ஜெர்ரி சோலனும் அவருடைய சகாக்களும், ஒரு குறிப்பிட்ட உடல்நலப் பிரச்சினைக்காக ஏறத்தாழ இடைவிடாமல் பெறும் சேவைகளின் தொகுப்பு என்றே இதை வரையறுத்தனர்; பலரிடம் சிகிச்சை பெற்றாலும் தொடர் ஒன்றே. இன்றைய மென்பொருள்கள் இதிலிருந்து விலகிவிட்டன. 2021-இல் நாடெங்கும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் பதிவுகளை இணைக்கும் அலகு ‘கேர் கான்டெக்ஸ்ட்’. ஒரு புறநோயாளி வருகையா, ஓர் உள்நோயாளி அனுமதியா, எது ஓர் அலகு என்பதை முடிவு செய்வது மருத்துவமனைதான். அத்திட்டம் தரும் ஆபா எண் ஆளை அடையாளம் காட்டும்; எந்த இருமல் எந்த இருமலின் தொடர்ச்சி என்பதைக் காட்டாது.

எல்லையைத் தவறாக வரைந்தால் எது மறையும் என்பதற்குக் கும்மிடிப்பூண்டி அடங்கிய திருவள்ளூர் மாவட்டமே சான்று. 1999-இல் இங்கே நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை தொடங்கிய பின், சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையம் சிகிச்சையை முடித்துக் குணமானவர்களை ஒன்றரை ஆண்டு பின்தொடர்ந்தது. 503 பேரில் 62 பேருக்கு நோய் திரும்பியது. பெரும்பாலோருக்கு முதல் ஆறு மாதத்துக்குள்ளாகவே. மாத்திரையை ஒழுங்காக எடுக்காதவர்களிடம் இது கூடுதலாகக் காணப்பட்டது. ‘குணமடைந்தார்’ என்று கோப்பை மூடியதோடு ஆய்வாளர்களும் நின்றிருந்தால் அந்த 62 பேரும் சம்பந்தமில்லாத புது நோயாளிகளாகவே எண்ணப்பட்டிருப்பார்கள். மறுபடி வந்த நோய்க்குப் புதிய தொடர் திறப்பது சரிதான்; ஆனால் அது பழைய தொடரைச் சுட்டியே திறக்க வேண்டும். எந்த மாதம் மாத்திரை தவறியது என்பது அடுத்த மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டிய தகவல்.

நோயின் போக்கைக் கணினி எப்படி அறியும், இத்தனை நாள் இடைவெளி விழுந்தால் தொடர் முடிந்தது என்று வைப்பதுதானே எளிது என்பார்கள். இடைவெளி விதியைக் காசநோய்த் துறையும் நெடுங்காலமாகக் கையாள்கிறது. ஆனால் மருந்தை விட்டுப் போனவரை அது குணமானவரோடு சேர்ப்பதில்லை. திரும்பி வந்தால் தனி வகையில் பதிகிறது. மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்கான எஃப்.எச்.ஐ.ஆர். தரநிலையிலும் ‘முடிந்தது’ வேறு, ‘நிறுத்திவைக்கப்பட்டது’ வேறு. நோயாளி வராத மௌனத்தை முடிவாகக் கொள்ளும் விதியே பிழை.

பதிவுகளை இப்படி இணைத்தால் தொழிலாளியின் நோய் ஒப்பந்தக்காரருக்குத் தெரிந்து வேலை போய்விடுமே என்ற அச்சம் இன்னும் கனமானது. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் நோய்வாரியாகத் தொடர் பிரிந்திருந்தால்தான் ஒப்புதலையும் குறுக்கித் தர முடியும். காசநோய்த் தொடரை மட்டும் ஒடிசா மருத்துவருக்குத் திறந்துவிட்டு, ஆலை விபத்துக் காயத்தின் பதிவை மூடியே வைக்கலாம். நிறுத்திவைக்கப்பட்ட தொடர் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் ஒருவர் பெயர் பதிவில் இருக்க வேண்டும்: கையிருப்பு மாத்திரை அட்டை தீரும் நாளில் அந்தத் தொழிலாளிக்குத் தொலைபேசியில் அழைப்பவர் கும்மிடிப்பூண்டியிலா, அவர் ஊரிலா என்பது அப்போதுதான் தெளிவாகும்.